கடலை அளந்த காரிகை

மேற்குத் திசையிலே சூரியன் உதித்தது!

கட்டுக்கதை அல்ல, கவிஞனின் கற்பனையுமல்ல. 1954-ம் ஆண்டு மார்ச் முதல் தேதி, விடிவதற்குச் சற்று முன்னே, பசிபிக் மாகடலில் சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த 23 ஜப்பானிய மீனவர்கள் கண்ட காட்சி அது. மேற்கே அடிவானம் தீப்பற்றியது போல் சிவந்தது. சில நிமிடங்கள் கழித்து இடிமுழக்கம் வந்தது. மேலும் சில மணி நேரம் கழித்து, வானத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஏதோ உதிரத் தொடங்கிற்று. பனி பெய்யும் கடலல்ல அது; கொதிக்கும் வெப்ப மண்டலம். வியந்தனர் மீனவர்கள். தலையிலே விழுந்தது, தோளிலே படிந்தது, கயிற்றிலே ஒட்டியது, பிடித்து வைத்த மீன் மீதும் பரவியது. தட்டிவிட்டுத் தம் தொழிலைப் பார்த்தனர் அந்த ஏழைகள்.

அவர்கள் ஏறிச் சென்ற படகின் பெயர் என்ன தெரியுமா தோழர்களே? ஐந்தாம் எண் அதிர்ஷ்ட நாகம்! அதிர்ஷ்டம் எந்த வடிவிலே வந்தது என்பதை அவர்கள் அறிய நெடுநாள் ஆகவில்லை. குமட்டல், தோல் வெந்து கருத்தல், தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்தல். மார்ச் 14-ந் தேதி தங்கள் ஊராகிய யாய்சுவுக்குத் திரும்பினர், நடைப்பிணங்களாக. அந்தப் படகின் கம்பியில்லாத் தந்தியாளர் குபோயாமா என்பவர் செப்டம்பர் 23-ந் தேதி மருத்துவமனையில் மாண்டார். வயது 40.

பிகினித் தீவருகே அமெரிக்கத் துரைத்தனம் வெடித்த ஹைடிரஜன் குண்டு அது. ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல். ஹிரோஷிமாவைச் சுடுகாடாக்கிய குண்டைப் போல் ஆயிரம் மடங்கு. அதிலேயும் ஒரு வேடிக்கை — வேடிக்கை என்று சொல்ல வாய் கூசுகிறது — குண்டைச் செய்தவர்கள் போட்ட கணக்கே தப்பு! எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெடித்துவிட்டது. கடலடிப் பவழப் பாறையைப் பொடியாக்கி, வானுக்குத் தூக்கி, நஞ்சு தடவிக் கீழே தெளித்தது. அந்தப் பொடிதான் மீனவர் கண்ட வெண்பனி. அபாய எல்லை என்று வல்லரசு கோடு கிழித்து வைத்திருந்ததே, அந்தக் கோட்டுக்கு வெளியேதான் படகு நின்றது. கோட்டைக் காகிதத்திலே கிழித்தார்கள். காற்றுக்குக் காகிதம் படிக்கத் தெரியாதே! அருகிலிருந்த ரொங்கலாப் தீவின் மக்களோ, வானத்துச் சாம்பலோடு இரண்டு நாட்கள் விடப்பட்டு, அதன் பிறகுதான் அப்புறப்படுத்தப்பட்டனர்.

பதறிற்று ஜப்பான். மீன்தானே அந்நாட்டுக்குச் சோறு போன்றது! சந்தைக்கு வந்த சூரை மீனிடத்திலே கருவியைக் காட்டினால், கருவி கடகடவென்று கத்தியது. டன் டன்னாக மீனைக் கடலிலே கொட்டினர், மண்ணிலே புதைத்தனர். கோடை வருமுன்பே ஜப்பானில் பெய்த மழையிலும் கதிரியக்கம் தென்பட்டது. குடிக்கும் நீரில் என்ன இருக்கிறது? கடலில் என்ன கலந்தது? எவ்வளவு? எங்கே போகிறது? எப்போது தீரும்? கேள்விகள் கிளம்பின. குண்டு வெடித்தவன் வாய் திறக்கவில்லை. சாம்பலில் என்னென்ன இருந்தது என்பது அவன் இராணுவ இரகசியமாம்! விடை கண்டுபிடிக்கும் பொறுப்பை ஜப்பானியச் சர்க்கார், தோக்கியோவிலிருந்த வானிலை ஆராய்ச்சிக் கழகத்தின் மண்ணியல் வேதியல் கூடத்திடம் ஒப்படைத்தது. அந்தக் கூடத்திலே, குப்பிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே, 34 வயது நிரம்பும் நிலையில் ஒரு பெண்மணி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்சுகோ சருஹாஷி என்பது அவர் பெயர்.

பட்டத்து அரசியின் கதையைப் படித்திருக்கிறோம், படைத்தலைவியின் கதையைக் கேட்டிருக்கிறோம். குப்பியிலே கடல் நீரை வைத்துக்கொண்டு, குண்டு வைத்திருப்பவனைக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் கதை நம் நாட்டிலே அதிகம் பேசப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

★

1920-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி தோக்கியோ நகரில் பிறந்தார் சருஹாஷி அம்மையார். தொடக்கப் பள்ளியில் பயிலும் நாளில், மழை பெய்யும்போது சன்னல் கண்ணாடியிலே வழிந்தோடும் துளிகளைப் பார்த்து, மழை எப்படி உண்டாகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாராம் அந்தச் சிறுமி. மழை ஏன் பெய்கிறது என்று நாமும்தான் சிறு வயதிலே கேட்டோம். வருணபகவான் பெய்விக்கிறான் என்று சொல்லி வாயை அடைத்தார்கள், நாமும் அடங்கிப் போனோம். அந்தச் சிறுமி அடங்கவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை.

ஆனால் கேள்வி கேட்டால் போதுமா? பதில் தேடும் இடத்தின் கதவு பெண்ணுக்குத் திறந்திருக்க வேண்டுமே! அக்கால ஜப்பானில் பெண்ணின் இலக்கணம் நல்ல மனைவி, நல்ல தாய் என்பதோடு முடிந்தது. 1913-ல் தோஹோக்குப் பல்கலைக் கழகம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. தோக்கியோப் பல்கலைக் கழகமோ 1946 வரையில் பெண்களை மாணவிகளாக ஏற்கவேயில்லை. வாக்குச் சீட்டும் அந்த 1946-ல்தான் ஜப்பானிய மாதரின் கைக்கு வந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை கிடைத்தது சருஹாஷிக்கு. மாதம் பிறந்தால் சம்பளம், நிழலிலே வேலை. நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? இது போதாதா, ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த வீட்டிலே தாய் வேறு விதமாக நினைத்தார். போருக்குப் போன ஆண்மகன் திரும்பாவிட்டால், கைத்தொழில் ஏதுமறியாத பெண் பிள்ளைகளோடு திண்டாடித் தெருவில் நிற்பதை அந்தத் தாயும் மகளும் கண்ணெதிரே கண்டவர்கள். ஆண்துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் காலில் நிற்க ஒரு பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று இருவரும் முடிவு கட்டினர். 21-ம் வயதில் வேலையை உதறிவிட்டு மாணவியானார் மகள். தாயின் துணிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மகள் பின்னாளில் பெற்ற விருதுகளைப் பட்டியல் போடுகிறவர்கள், வருகிற சம்பளத்தை வேண்டாமென்று சொல்ல இசைந்த அந்த அன்னையை ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மருத்துவம் படிக்கத்தான் ஆசை. தோக்கியோப் பெண்கள் மருத்துவக் கல்லூரியை நிறுவிய யோஷியோகா அம்மையார் என்றால் அந்நாளில் பெண்ணினத்தின் பெருவிளக்கு. நேர்முகத் தேர்வில் அவர் முன்னே நின்ற சருஹாஷி, ஏன் இங்கே சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, உழைத்துப் படித்துத் தங்களைப் போலாக வேண்டும் என்ற பொருள்பட விடை சொன்னார். பெரிய அம்மையார் சிரித்துவிட்டார். தம்மைப் போலாவது அத்தனை எளிதல்ல என்பது போல் பேசிவிட்டார். சிரிப்புத்தான், ஆனால் சுருக்கென்று தைத்தது இளம் உள்ளத்திலே. வணங்கிய சிலை சிரித்தால் பக்தன் மெய்சிலிர்ப்பான், சிந்திக்கிறவர் அப்படியல்ல. அந்தக் கல்லூரிப் பக்கமே திரும்பாமல், 1941-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட பேரரசுப் பெண்கள் அறிவியல் கல்லூரியில் முதல் அணி மாணவியாகச் சேர்ந்தார். பெயர் பெற்ற கல்லூரியை விட்டுவிட்டுப் பெயர் தெரியாத கல்லூரி! அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் ஜப்பானுக்கு இன்னொரு டாக்டர் கிடைத்திருப்பார். கடலுக்கு ஒரு காவலர் கிடைத்திருக்க மாட்டார்.

கல்லூரி நாளிலேயே, மத்திய வானிலைக் கூடத்து விஞ்ஞானி யாசுவோ மியாகே என்பவரிடம் பயிற்சிக்குச் சென்றார். பெண் என்றால் குறிப்பேடு எழுதவும் குப்பி கழுவவுந்தான் என்று எண்ணியவர் பலர் இருந்த காலம். மியாகே அப்படி எண்ணவில்லை. ஆராய்ச்சியைக் கொடுத்தார், பொறுப்பைக் கொடுத்தார். 1943-ல் பட்டம் பெற்றதும் அதே வானிலைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார் சருஹாஷி. ஆசிரியரும் மாணவியுமாகத் தொடங்கிய அந்தக் கூட்டு முயற்சி பல்லாண்டு நீடித்தது. தகுதியைக் கண்டு கதவைத் திறந்துவிட்ட ஆண்மகனுக்கும் உரிய நன்றியைச் சொல்லத்தான் வேண்டும்.

★

1950 வாக்கில் மியாகே ஒரு வேலையைக் கொடுத்தார். கடல் நீரில் கரியமிலவாயு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இன்றைக்குப் பூமி சூடேறுகிறது என்று உலகம் பேசுகிறது, மாநாடுகள் கூடுகின்றன. அன்றைக்கு அந்தப் பொருளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம்.

கடலிலே கரைந்த கரியமிலவாயு ஒரே உருவில் இருப்பதில்லை. பல உருவெடுத்து ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பதென்றால் நாட்கணக்கில் வேலை. சருஹாஷி அம்மையார் என்ன செய்தார்? நீரின் வெப்பநிலை, அதன் அமிலத் தன்மை, அதிலுள்ள குளோரின் உப்பின் அளவு ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும், மற்றவை எவ்வளவு என்று பார்த்தவுடன் சொல்லும்படியான ஓர் அட்டவணையைக் கணக்கிட்டு 1955-ல் வெளியிட்டார். நம் ஊர்க் கணக்குப் பிள்ளைகள் வாய்பாட்டைப் புரட்டுவார்களே, அது போல உலகத்துக் கடலாராய்ச்சியாளர்கள் சருஹாஷி அட்டவணையைப் புரட்டினர். கம்ப்யூட்டர் வந்து வேலையை எடுத்துக்கொள்ளும் வரையில், பல பத்தாண்டுகள், அந்தத் தாள்தான் வழிகாட்டி. 1957-ல் தோக்கியோப் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அங்கே வேதியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பெண் என்றால் வாசற்படி ஏறக்கூடாது என்றிருந்த அதே பல்கலைக் கழகம்! பதினோரு ஆண்டுகளில் படியும் பணிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அட்டவணையைப் பற்றியல்ல.

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். ஐசோடோப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் ஒரு காலத்தில் தலை சுற்றியதுண்டு. ஆகவே எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அணுகுண்டு வெடிக்கும்போது பிறக்கும் நஞ்சுகள் பல. சில, சில நாட்களிலே செத்துவிடும். சில நெடுநாள் வாழும். அவற்றுள் கொடியவை இரண்டு: ஸ்டிரான்ஷியம்-90, சீசியம்-137. இரண்டின் அரையாயுளும் சுமார் 30 ஆண்டு. அதாவது இன்றைக்கு நூறு பங்கு இருந்தால் முப்பது ஆண்டு கழித்து ஐம்பது பங்கு, அறுபது ஆண்டு கழித்து இருபத்தைந்து. வாங்கிய கடன் பேரன் தலையிலே விழும் கணக்கு! ஸ்டிரான்ஷியம் சுண்ணாம்புச் சத்தைப் போல் வேடமிட்டு எலும்பிலே குடியேறும்; வளரும் குழந்தையின் எலும்பிலே விரைந்து குடியேறும். சீசியம் பொட்டாசியத்தைப் போல் நடித்துத் தசையிலே பரவும். வேடதாரிகளை அடையாளம் காண்பது எந்தத் துறையிலும் எளிதல்ல. கடல் நீரிலேயோ அவை இருக்கும் அளவு அற்பத்திலும் அற்பம். மூட்டை மூட்டையாக உப்புக் கரைந்த நீரிலே, கண்ணுக்கும் தராசுக்கும் அகப்படாத சில அணுக்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிறைய நீரை எடுத்து, வேதிப் பொருளைச் சேர்த்து, வேண்டாதவற்றை விலக்கி, கடைசியில் மிஞ்சுவதைக் கருவி முன் வைத்து, அது எத்தனை முறை துடிக்கிறது என்று மணிக்கணக்கில் எண்ண வேண்டும். குப்பியிலே ஒட்டியிருக்கும் தூசு போதும், கணக்கைக் கெடுத்துவிட. கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதில் கூடக் கவனம் தவறக்கூடாது.

இந்த வேலையைத்தான் அம்மையார் ஆண்டுக்கணக்கில் செய்தார்.

அமெரிக்காவிலே அணுசக்திக் கமிஷன் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவராயிருந்த ஸ்டிராஸ், பிகினி விபத்து நடந்த அந்த மார்ச்சு மாதமே, கடலில் விழுந்த கதிரியக்கம் நீரோட்டத்தில் கலந்து சில மைல் தொலைவுக்குள்ளேயே கேடற்றதாகிவிடும் என்று அறிக்கை விட்டார். எவ்வளவு இனிப்பான செய்தி! பெருங்கடல் அல்லவா, ஒரு துளி நஞ்சு என்ன செய்துவிடும்? பாமரனுக்கும் நம்பத் தோன்றும் வாதம். ஆனால் அதே ஆண்டு ஜப்பானியர் ஷுங்கோட்சு மாரு என்ற கப்பலில் ஆராய்ச்சிக் குழுவை அனுப்பிப் பார்த்தனர். பிகினிக்கு மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் நீர் கெட்டிருந்தது, மீன் கெட்டிருந்தது. சில மைல் என்றவரின் அளவுகோல் எந்தக் கடையில் வாங்கியதோ!

கடல் என்பது தேநீர்க் கோப்பை அல்ல, கரண்டியை விட்டுக் கலக்கினால் எங்கும் ஒன்றுபோல் கலப்பதற்கு. அதற்குள்ளே ஆறுகள் ஓடுகின்றன. பிகினியை ஒட்டி ஓடும் நீரோட்டம் மேற்கு நோக்கிச் செல்கிறது. ஆசியக் கரையை நெருங்கி, வடக்கே திரும்பி, குரோஷியோ என்ற பெயரோடு ஜப்பானின் கரையைத் தழுவிக்கொண்டு போகிறது. குண்டு வெடித்த இடம் ஜப்பானிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல்; ஆயினும் நஞ்சு வழி தவறாமல் வந்து சேர்ந்தது. மியாகேயும் சருஹாஷியும் வடமேற்குப் பசிபிக்கின் நீரை எடுத்தெடுத்து அளந்து, சீசியமும் ஸ்டிரான்ஷியமும் அங்கே இன்ன அளவில் இருக்கின்றன என்று 1961-ல் வெளியிட்டனர். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் கண்ட அளவைப் போல் பல மடங்கு! வெடித்தவன் வாசலில் குறைவு. அடுத்த வீட்டான் வாசலில் அதிகம்.

விடுவார்களா? உங்கள் கணக்கிலே பிழை, உங்கள் முறையிலே ஓட்டை, பெருங்கடலிலே இத்தனை வேற்றுமை இருக்க முடியாது என்று கிளம்பினர் அமெரிக்க வல்லுநர்கள் சிலர். ஒன்று சொல்லவேண்டும். ஐயப்படுவது விஞ்ஞானத்திலே குற்றமல்ல. ஐயமே அதன் தாய்ப்பால். நாம் பேசும் பகுத்தறிவும் அதுதான். ஆனால் ஐயத்திற்குப் பின்னே ஆர்வம் நிற்கிறதா, ஆதிக்கம் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. குண்டு வெடிப்பவர்களே நஞ்சை அளப்பவர்களாகவும் இருந்தால், தராசு எப்பக்கம் சாயும் என்று சந்தைக்குப் போகும் கிழவிக்குக் கூடத் தெரியுமே!

வாய்ச்சண்டை வேண்டாம், வைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஏற்பாடாயிற்று. 1962-ல், அமெரிக்க அணுசக்திக் கமிஷனின் செலவிலேயே, கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார் சருஹாஷி அம்மையார். அங்கே தியோடர் ஃபோல்சம் என்ற அமெரிக்க விஞ்ஞானி. கடல் நீரில் சீசியம் அளப்பதில் பெயர் பெற்றவர். இருவரும் தத்தம் முறைப்படி அளக்க வேண்டும், விடைகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒருவர் முறை ஜப்பானிய முறை, மற்றவர் முறை அமெரிக்க முறை.

எண்ணிப் பாருங்கள் அந்தக் காட்சியை! பதினேழு ஆண்டுகளுக்கு முன்னே தன் நாட்டு நகரங்கள் இரண்டின் மீது அணுகுண்டு வீசிய நாடு. அந்த நாட்டின் கூடம், அந்த நாட்டின் பணம், அந்த நாட்டின் வல்லுநர். எதிரே 42 வயதுள்ள ஓர் ஆசியப் பெண், தன்னந்தனியே. தவறினால் அவருடைய பெயர் மட்டும் போகாது. இத்தனை ஆண்டுகளாக ஜப்பான் அளந்ததெல்லாம் பொய்யென்று ஆகும். மீனவர் கண்ணீருக்கும் சான்று இல்லாமற் போகும். அந்த வேளையிலும் கூடக் குண்டுகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்கா மட்டுமா? 1961 அக்டோபரில் சோவியத் நாடு வடதுருவப் பக்கம் வெடித்த ஒரு குண்டு ஐந்து கோடி டன் வெடிமருந்துக்குச் சமம். பிரிட்டனும் 1957-லும் 1958-லும் பசிபிக்குத் தீவுகளை நாடி வந்து ஹைடிரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. இடதுகைப் பக்கத்தவன் வெடித்தால் அமுதம், வலதுகைப் பக்கத்தவன் வெடித்தால் நஞ்சு என்று கடல் பாகுபாடு செய்வதில்லை. அம்மையாரும் செய்யவில்லை.

ஆறு மாத காலம் அளந்தனர். விடைகள் வந்தன. இரண்டும் ஒத்து நின்றன!

ஒத்து நின்றதன் பொருள் என்ன? இரண்டு தராசும் ஒரே எடையைக் காட்டினால், தராசு தப்பு என்று இனிச் சொல்ல முடியாது. ஜப்பானியக் கடலில் அதிகமும் கலிபோர்னியாக் கடலில் குறைவும் தென்பட்டதே, அது அளந்தவர் பிழையால் அல்ல. கடலே அப்படித்தான் இருந்தது. நஞ்சு எங்கும் ஒருசீராகக் கரைந்து மறையவில்லை. நீரோட்டத்தின் வழியே ஒரு பக்கத்து மக்களிடம் கூடுதலாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஃபோல்சமும் சருஹாஷியும் சேர்ந்தே கையெழுத்திட்டு, இந்த ஒப்பீட்டை 1963-ல் கட்டுரையாக வெளியிட்டனர். ஐயப்பட்டார் ஃபோல்சம், அளந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரையும் பாராட்டுவேன். ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் குறைவு.

★

ஆய்வுக்கூடம் ஒருபுறம் என்றால், தெரு மற்றொருபுறம். குண்டு வெடித்த இரண்டாம் மாதமே, தோக்கியோவின் சுகினாமி வட்டத்திலே இல்லத்தரசிகள் கிளம்பினர். அரசியல் மேடை ஏறியவர்கள் அல்லர். மீன் வாங்கப் போன இடத்திலே மீன் நஞ்சென்று கேட்டு நடுங்கியவர்கள். வீடு வீடாகச் சென்று, அணு ஆயுதம் வேண்டாமென்று கையெழுத்துக் கேட்டனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நாடெங்கும் சேர்ந்த கையெழுத்து மூன்று கோடிக்கு மேல்! அம்மையாரின் ஆராய்ச்சிக் கழகம் இருந்ததும் அதே சுகினாமி வட்டந்தான். ஒரு தெருவிலே மாதர் கையெழுத்து வாங்க, இன்னொரு தெருவிலே ஒரு மாது கடல் நீரை எண்ணிக்கொண்டிருந்தார். அமெரிக்கத் துரைத்தனமோ 1955 சனவரியில் இருபது இலட்சம் டாலரைத் தூக்கிக் கொடுத்து, இது நட்ட ஈடல்ல, கருணைத் தொகை என்று பெயரிட்டது. குற்றத்தை ஒப்பாமலே கொடுக்கும் காசுக்குக் கருணை என்று பெயர்!

இந்திய நாடாளுமன்றத்திலே நேருவும் 1954 ஏப்ரல் 2-ந் தேதி, இந்த வெடிப்புகளையாவது முதலில் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடனே கேட்டுவிடவில்லை வல்லரசுகள். ஒன்பது ஆண்டு பிடித்தது. 1963 ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் கையெழுத்தானது, வானிலும் கடலிலும் விண்வெளியிலும் அணு ஆயுதத்தை வெடித்துப் பார்க்கத் தடை செய்யும் ஒப்பந்தம். அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் மூன்றும் ஒப்பின. அம்மையார் ஒருவரால் அது வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. மேடையிலே கைதட்டல் வாங்க அப்படிச் சொல்லலாம், ஆனால் அது உண்மைக்கு நகை பூட்டுவதாகும். பல நாட்டு விஞ்ஞானிகளின் ஆய்வும், பல கோடி மக்களின் அச்சமும், கியூபாவை ஒட்டி 1962-ல் உலகம் அழிவின் விளிம்பைத் தொட்டு வந்த பதைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஒப்பந்தம் அது. ஆனால் கடலிலே நஞ்சு கரைந்து மறைந்துவிடும் என்ற பொய்யை உடைத்த கைகளுள் ஒன்று இவருடையது. அதை யாரும் மறுக்க முடியாது. மண்ணுக்குள்ளே வெடிப்பதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை. பிரான்சு 1974 வரையிலும் சீனா 1980 வரையிலும் வெட்டவெளியில் வெடித்துக்கொண்டே இருந்தன. ஆகவே அம்மையாருக்கு வேலையும் ஓயவில்லை. பின்னாளில் அமில மழையையும் ஆராய்ந்தார். சிறுமியாய்ச் சன்னலில் பார்த்த அதே மழை!

பெண் விஞ்ஞானிகள் தனித்தனியே ஒவ்வொரு மூலையில் முடங்கிக் கிடந்தால் குரல் எழாது என்று, 1958-லேயே ஜப்பானியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1979-ல் தாம் பணியாற்றிய கூடத்துக்கே இயக்குநரானார். 1980-ல் ஜப்பானிய விஞ்ஞானக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். முதல் பெண், முதல் பெண் என்று எழுதிக் கைசலிக்கிறது. அவருக்கோ அந்தப் பட்டத்தைக் கேட்டுக் கவலை வந்திருக்க வேண்டும். முதல்வர் இருக்கிறார், இரண்டாமவர் எங்கே? அதே ஆண்டு ஓய்வு பெற்றபோது, பெண் விஞ்ஞானிகளுக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கி, ஆண்டுதோறும் 50 வயதுக்குட்பட்ட பெண் விஞ்ஞானி ஒருவருக்குச் சருஹாஷி பரிசு என்று வழங்க ஏற்பாடு செய்தார். 1981-ல் முதற் பரிசைப் பெற்றவர் மரபியல் ஆராய்ச்சியில் உலகப் புகழ் கொண்ட தோமோகோ ஓட்டா. அன்றைக்கு ஒரு பெருமாட்டி சிரித்தாரே, நினைவிருக்கிறதா? தம்மைப் போலாக வேண்டுமென்று வந்து நின்ற இளம் பெண்களைப் பார்த்துச் சருஹாஷி அம்மையார் சிரிக்கவில்லை, பரிசைக் கொடுத்தார்.

2007 செப்டம்பர் 29-ந் தேதி தோக்கியோவில் நிமோனியாவால் காலமானார். வயது 87.

அவர் பணியாற்றிய வானிலை ஆராய்ச்சிக் கழகம் 1980-ல் சுகுபா நகருக்கு மாறிற்று. ஆனால் வானத்திலிருந்து விழும் ஸ்டிரான்ஷியத்தையும் சீசியத்தையும் மாதந்தோறும் பிடித்து அளக்கும் வேலை, 1957-ல் தொடங்கியது, விடாமல் நடந்து வந்தது. ஆண்டுக்கு ஆண்டு அளவு குறைந்தது. இனி எதற்கு இந்தச் செலவு என்று கேட்கத் தோன்றும் அளவுக்குக் குறைந்தது. 2011 மார்ச் 11-ந் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து, ஃபுகுஷிமா அணுமின் நிலையம் வெடித்து நஞ்சைக் கக்கிற்று. வேடிக்கையைப் பாருங்கள்: அந்த மாத இறுதியிலே, எப்போது அளக்க வேண்டுமோ அப்போது, இந்த அளவை வேலைக்கான பணத்தை நிறுத்திவிட்டார்கள் மேலிடத்தார்! கூடத்திலிருந்த ஆராய்ச்சியாளர்கள் நிறுத்தவில்லை. கிடைத்த பொருள்களைக் கொண்டு, கேட்டு வாங்கிய உதவியைக் கொண்டு, அந்த மாதத்துச் சீசியத்தையும் அளந்து எழுதி வைத்தார்கள்.